டிஸ்ப்ளேயைக் கையால் வைக்காதீர்கள்

தூரத்து மெஷினில் பாதுகாப்பாக லாகின் ஆக உதவும் எஸ்எஸ்எச் வழியாக ஒரு ரிமோட் மெஷினுக்குள் போய், அங்கே இருக்கும் கிராஃபிக்கல் புரோகிராம் ஒன்றை ஓட்டப் பார்த்து, "கான்ட் ஓபன் டிஸ்ப்ளே" என்று முகத்தில் அடித்த மாதிரி ஒற்றை வரிப் பதில் வாங்காதவர்கள் இந்தத் தொழிலில் குறைவு. அதில் எனக்கு வருத்தமில்லை, எரர் வரத்தான் செய்யும். எரிச்சல் வருவது அதற்கு அடுத்து நடப்பதில். பக்கத்து சீட்டில் இருப்பவர் திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் "எக்ஸ்போர்ட் டிஸ்ப்ளே=:0 போட்டுப் பாருங்க" என்பார். போட்டால் நடக்காது. "அப்போ எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் போடுங்க" என்பார் இன்னொருவர். அதுவும் நடக்காது. "பெரிய எக்ஸுக்குப் பதிலா பெரிய ஒய் போட்டு லாகின் பண்ணுங்க" என்று மூன்றாவதாக ஒன்று வரும். சில சமயம் இதில் ஏதோ ஒன்றில் விண்டோ திறந்துவிடும், எல்லோரும் கலைந்து போய்விடுவார்கள். எதனால் திறந்தது, அதற்கு முன் ஏன் திறக்கவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் அதே எரர், அதே மந்திரங்கள், அதே வரிசை.

இந்த மூன்றில் எனக்கு ஆகவே ஆகாதது முதலாவதுதான். மற்ற இரண்டும் பாதுகாப்பைக் குறைக்கின்றன, அது தனிக் கதை. ஆனால் டிஸ்ப்ளேயை, அதாவது விண்டோவை எந்தத் திரையில் காட்ட வேண்டும் என்று புரோகிராமுக்குச் சொல்லும் வேரியபிளைக் கையால் மாற்றுவது, துப்பு துலக்க வேண்டிய இடத்தில் கிடக்கும் ஒரே தடயத்தை நாமே துடைத்துவிடுவது. எஸ்எஸ்எச் வழியாக வந்திருக்கும் ஒருவருக்கு அந்த வேரியபிள் அவர் வைத்துக்கொள்ள வேண்டிய செட்டிங் அல்ல. ரிமோட் மெஷினில் நம் லாகினை ஏற்கும் எஸ்எஸ்எச்டி நமக்காக ஒரு வேலையைச் செய்து முடித்தபின் எழுதிவைக்கும் ரசீது. ரசீது இல்லை என்றால் வேலை நடக்கவில்லை. நாமே ஒரு தாளில் ரசீது எழுதிக்கொண்டால் வேலை நடந்துவிடுமா?

எந்தத் திசையில் போகிறது

எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984இல் எம்ஐடியின் அதீனா புராஜெக்டில் பிறந்தது. பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கியது. இன்றுவரை நாம் பயன்படுத்தும் எக்ஸ்11 என்ற பதினொன்றாவது பதிப்பு 1987 செப்டம்பரில் வந்தது. புரோகிராம் ஒரு மெஷினில் ஓட, அதன் விண்டோ வேறொரு மெஷினின் திரையில் தெரிய வேண்டும் என்பது அதில் பின்னால் ஒட்டவைத்த வசதி இல்லை, முதல் நாளிலிருந்தே அதன் அடிப்படை. திரையும் கீபோர்டும் மவுசும் யாரிடம் இருக்கிறதோ அங்கே ஓடுவது எக்ஸ் சர்வர், அதாவது நம் மேசை மேல் இருக்கும் லேப்டாப்பில். தூரத்தில் ஏசி அறையில் உறுமிக்கொண்டிருக்கும் பெரிய மெஷினில் ஓடும் புரோகிராம்தான் கிளையன்ட். அது நம் லேப்டாப்பைத் தேடி வந்து "எனக்கு ஒரு விண்டோ கொடு" என்று கேட்க வேண்டும்.

எஸ்எஸ்எச் இல்லாத காலத்தில் இது நேராகவே நடந்தது. எக்ஸ் சர்வர் 6000ஆம் போர்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கும், எக்ஸ்ஹோஸ்ட் கமாண்டால் யார் யார் வரலாம் என்று சொல்லிவைப்போம். எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம். அப்படி வந்தவர் விண்டோ மட்டும் திறப்பதோடு நிற்க வேண்டியதில்லை. நாம் தட்டும் ஒவ்வொரு கீயையும் படிக்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம். எக்ஸ்11 அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது, உள்ளே வந்துவிட்ட கிளையன்ட்களுக்கு நடுவில் சுவர் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு எல்லாமே என்கிரிப்ஷன் இல்லாமல் ஒயரில் ஓடும். 1995இல் டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதிய பிறகு இந்தப் பிரச்சினைக்கு ஒரு நல்ல வழி கிடைத்தது. இன்று நாம் எல்லோரும் உபயோகிக்கும் ஓபன்எஸ்எஸ்எச் 1999இல் வந்தது, அதிலும் அதே ஏற்பாடுதான்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம், பின்னால் வரும் எல்லாமே இதில்தான் நிற்கிறது. நாம் எஸ்எஸ்எச் கமாண்டில் பெரிய எக்ஸ் சேர்த்து லாகின் ஆகும்போது, நம் பக்கத்து எஸ்எஸ்எச் அந்தப் பக்கத்து எஸ்எஸ்எச்டியிடம் "கிராஃபிக்ஸையும் அனுப்ப வேண்டும்" என்று கேட்கிறது. கூடவே ஒரு குக்கீயையும், அதாவது உள்ளே விடுவதற்கு அடையாளமாகக் காட்டும் ரகசிய எண்ணையும் கொடுக்கிறது. 128 பிட், அதாவது 32 ஹெக்ஸ் எழுத்துகள். அது நம் எக்ஸ் சர்வரின் உண்மையான குக்கீ அல்ல, அந்தச் செஷனுக்காக உருவாக்கிய போலி. எஸ்எஸ்எச்டி சம்மதித்தால் அந்த மெஷினிலேயே இல்லாத ஒரு திரை இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, 10ஆம் எண் டிஸ்ப்ளே என்று ஒன்றைத் திறக்கும். ஏன் 10 என்றால், அந்த மெஷினில் உண்மையிலேயே ஒரு திரை இருந்தால் அதற்கு 0, 1 போன்ற எண்கள் போயிருக்கும், மோதாமல் இருக்க 10இலிருந்து ஆரம்பிக்கிறார்கள். டிஸ்ப்ளே எண்ணோடு 6000ஐக் கூட்டினால் போர்ட், ஆக 6010. இரண்டாவது ஆள் லாகின் ஆனால் 11, 6011. அப்புறம் எக்ஸ்ஆத் என்ற சின்ன புரோகிராமை ஓட்டி அந்தப் போலி குக்கீயை ஹோம் டைரக்டரியில் இருக்கும் .எக்ஸ்அதாரிட்டி ஃபைலில் எழுதவைக்கும். நம் ஷெல்லில் டிஸ்ப்ளே=லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று வைத்துவிடும்.

புரோகிராம் ஓடும்போது அந்த வேரியபிளைப் பார்க்கும், ஃபைலிலிருந்து குக்கீயை எடுக்கும், 6010ஐத் தட்டும். எஸ்எஸ்எச்டி அதை என்கிரிப்ட் செய்து நம் பக்கம் தள்ளும். நம் பக்கத்து எஸ்எஸ்எச் வந்த குக்கீ தான் கொடுத்தனுப்பிய அதே போலிதானா என்று சரிபார்க்கும். சரி என்றால் அதை எடுத்துவிட்டு உண்மையான குக்கீயைச் செருகி நம் எக்ஸ் சர்வரிடம் கொடுக்கும். உண்மையான குக்கீ நம் மெஷினை விட்டு வெளியே போவதே இல்லை. யார் யோசித்தார்களோ, அழகாக யோசித்திருக்கிறார்கள்.

இப்போது அந்த "எக்ஸ்போர்ட் டிஸ்ப்ளே=:0" ஆலோசனையை மறுபடி பாருங்கள். கோலனுக்கு முன்னால் எதுவும் இல்லை என்றால் அதே மெஷினில் இருக்கும் திரை என்று பொருள். ரிமோட் மெஷினில் நின்றுகொண்டு அதைச் சொன்னால், புரோகிராம் ரிமோட் மெஷினின் மானிட்டரைத் தேடும். பெரும்பாலான சர்வர்களில் மானிட்டரே கிடையாது, அதே எரர் வரும், தப்பித்தோம். மானிட்டர் இருந்து, அதில் நம் பெயரிலேயே ஒரு செஷன் திறந்து கிடந்தால்தான் வேடிக்கை. எரர் எதுவும் வராது, விண்டோவும் வராது. அது அங்கே பூட்டிய அறையில் யாருமில்லாத திரையில் திறந்திருக்கும். நம்மாள் இங்கே "புரோகிராம் ஹேங் ஆயிடுச்சு" என்று கன்ட்ரோல் சி தட்டிக்கொண்டிருப்பார்.

எதுவும் இல்லை என்றால்

எக்கோ போட்டு டிஸ்ப்ளேயைப் பார்த்தால் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கேட்கவே இல்லை, அல்லது கேட்டு மறுத்துவிட்டார்கள். எது என்று தெரிந்துகொள்ள லாகின் கமாண்டில் சின்ன வி சேர்த்தால் போதும், எஸ்எஸ்எச் தான் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும். எக்ஸ்11 ஃபார்வர்டிங் கேட்கிறேன் என்ற வரி அதில் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, கேட்கச் சொன்னீர்கள் ஆனால் உங்கள் பக்கமே டிஸ்ப்ளே இல்லையே என்ற மாதிரி ஒரு வரி வந்தால் கோளாறு நம் லேப்டாப்பில். மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸ் போடாமல், விண்டோஸில் விசிஎக்ஸ்எஸ்ஆர்வி மாதிரி எக்ஸ் சர்வர் ஏதும் ஓடாமல், வெறும் டெர்மினலை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு சர்வர் அட்மினைத் திட்டுகிறவர்கள் நிறைய. அட்மின்கள் பாவம்.

"ஃபார்வர்டிங் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு ஆன் சேனல் 0" என்று வந்தால் மறுப்பு அந்தப் பக்கம். எஸ்எஸ்எச்டி கான்ஃபிகில் எக்ஸ்11ஃபார்வர்டிங் நோ என்று இருக்கலாம். ஓபன்எஸ்எஸ்எச்சின் சொந்த டிஃபால்ட் அதுதான், டெபியன், உபுண்டு போன்றவை யெஸ் என்று மாற்றிக் கொடுக்கின்றன. அது யெஸ் என்றே இருந்தும் மறுத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது எக்ஸ்ஆத் இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா என்பதைத்தான். மினிமல் இன்ஸ்டால் செய்த சர்வர்களில் அது இருக்காது. குக்கீயை எழுத ஆள் இல்லாமல் எஸ்எஸ்எச்டி சம்மதிக்காது. இன்னொன்று கொஞ்சம் வில்லங்கமானது. யாரோ கெர்னலில் ஐபிவி6ஐ அணைத்து வைத்திருப்பார்கள், எஸ்எஸ்எச்டி அந்த 6010ஐத் திறக்கப் போகும்போது ஐபிவி6 பக்கம் தடுக்கி விழுந்து, முயற்சியையே கைவிட்டுவிடும். சர்வர் லாகில்தான் அதற்கான வரி இருக்கும், நம் திரையில் ஒன்றும் தெரியாது. கான்ஃபிகில் அட்ரஸ்ஃபேமிலியை ஐநெட் என்று வைத்தால் சரியாகிவிடும். இதை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது, லாகைப் பார்த்தால்தான் உண்டு.

காலியாக இல்லாமல் :0 என்றே இருந்தால்? ஷெல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலைத் திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு நாள் யாரோ சொன்ன அதே மந்திரத்தை யாரோ அங்கே நிரந்தரமாக எழுதிவைத்திருப்பார்கள். எஸ்எஸ்எச்டி ஒழுங்காக லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று வைத்ததை, அடுத்த நொடி பாஷ்ஆர்சி வந்து அழித்துவிடுகிறது. கையால் வைக்காதீர்கள் என்று நான் கத்துவதற்கு இது ஒன்றே போதும்.

எல்லாம் சரியாக இருந்து நடக்காதபோது

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தெளிவு வந்தது ஒரே ஒரு கேஸில். கூட வேலை பார்க்கும் ஒருவர், சிமுலேஷன் ஓட்டும் ஒரு சர்வரில் லாக் வியூவர் திறக்கவில்லை என்று கூப்பிட்டார். பலரும் சேர்ந்து பயன்படுத்தும் பொது அக்கவுண்ட். வழக்கமான மந்திரங்கள் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, பெரிய ஒய், எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ், எல்லாம். புதிதாக ஒரு லாகின் எடுக்கச் சொல்லி எக்கோ போட்டுப் பார்த்தோம். லோக்கல்ஹோஸ்ட்:10.0. கச்சிதம். திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் கமாண்டில் 6010 திறந்து காத்துக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ஆத் இருக்கிறது. ரசீது கையில் இருக்கிறது, ஆனாலும் பொருள் வரவில்லை.

சோதனைக்கு எக்ஸ்க்ளாக் என்ற சின்னக் கடிகார புரோகிராமை ஓட்டிப் பார்த்தோம். இரண்டு வரி வந்தது. முதல் வரி, "எக்ஸ்11 கனெக்ஷன் ரிஜெக்டட் பிகாஸ் ஆஃப் ராங் ஆதென்டிகேஷன்." இரண்டாவது வரி, வழக்கமான "கான்ட் ஓபன் டிஸ்ப்ளே: லோக்கல்ஹோஸ்ட்:10.0." அவர் இதுவரை இரண்டாவது வரியை மட்டுமே படித்திருந்தார், எல்லோரும் அதைத்தான் படிப்போம், கடைசியில் இருப்பது அதுதான். ஆனால் இந்த இரண்டு வரிகளைச் சொன்னது ஒரே ஆள் இல்லை, ஒரே மெஷின்கூட இல்லை. இரண்டாவதைச் சொன்னது ரிமோட்டில் ஓடும் எக்ஸ்க்ளாக், அதற்குத் தெரிந்ததெல்லாம் கதவு மூடியிருக்கிறது என்பதுதான். முதல் வரியைச் சொன்னது லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்எச். ஒரே டெர்மினலில் இரண்டும் கொட்டுவதால் ஒருவரே பேசுவதுபோல் தெரிகிறது.

இதைப் புரிந்துகொண்டதும் பாதி மந்திரங்கள் ஏன் பலிக்கவில்லை என்பதும் புரிந்துவிட்டது. எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் என்பது எக்ஸ் சர்வருக்குச் சொல்லும் அனுமதி. இங்கே மறுத்தது எக்ஸ் சர்வர் இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் எஸ்எஸ்எச். அது எக்ஸ் சர்வர் வரை விடவே இல்லை. லேப்டாப்பின் கதவுகளையெல்லாம் ஊருக்கே திறந்துவிட்டோம், அதனால் துளிப் பயனும் இல்லை. முதலில் எக்ஸ்ஹோஸ்ட் மைனஸ் போட்டு அதை மூடச் சொன்னேன்.

சரி, தப்பான குக்கீ என்றால் எந்தக் குக்கீ? ரிமோட்டில் எக்ஸ்ஆத் லிஸ்ட் கொடுத்தோம். மெஷின் பெயர், சாய்கோடு, யுனிக்ஸ்:10, மிட் மேஜிக் குக்கீ, பின்னால் 32 எழுத்துகள். இருக்கிறதே! அங்கேதான் ஒரு நிமிடம் இருவரும் முழித்தோம். அப்புறம் சும்மா .எக்ஸ்அதாரிட்டி ஃபைலை எல்எஸ் போட்டுப் பார்த்தால், கடைசியாக அது மாறிய தேதி பல மாதங்களுக்கு முன்னால் இருக்கிறது. சற்றுமுன்தான் லாகின் ஆகியிருக்கிறோம். ஒவ்வொரு லாகினுக்கும் புதுப் போலி குக்கீ வரும், ஒவ்வொரு முறையும் அந்த ஃபைல் புதிதாக எழுதப்பட வேண்டும். எழுதப்படவில்லை. அதில் இருப்பது என்றோ செத்துப்போன ஒரு செஷனின் குக்கீ, எண் மட்டும் தற்செயலாக அதே 10. புரோகிராம் அதை நம்பி எடுத்துக்கொண்டு போகிறது, வாசலில் எஸ்எஸ்எச் திருப்பி அனுப்புகிறது.

டிஸ்க் நிறைந்திருந்தாலும் எழுத முடியாது, ஆனால் அப்போது லாகின் ஆகும்போதே எக்ஸ்ஆத் ஏதாவது முனகும். முந்தைய எக்ஸ்ஆத் நடுவில் செத்து, .எக்ஸ்அதாரிட்டி-சி, .எக்ஸ்அதாரிட்டி-எல் என்று பூட்டு ஃபைல்களை விட்டுவிட்டுப் போயிருந்தாலும் முனகல் வரும். இங்கே சத்தமே இல்லை. கையால் எக்ஸ்ஆத் ஓட்டினால் ஒழுங்காக எழுதுகிறது. அப்படியென்றால் எழுத முடியாமல் இல்லை, எழுதச் சொல்லி யாரும் கூப்பிடவே இல்லை.

எஸ்எஸ்எச்டியின் மேன் பேஜை, அதாவது அதன் கையேட்டைத் திறந்தோம். எக்ஸ்ஆத் என்று தேடிக்கொண்டே போனால், கிட்டத்தட்ட யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், ஹோம் டைரக்டரியின் .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்குள் ஆர்சி என்று ஒரு ஃபைல் இருந்தால் லாகின் ஆகும்போது அதை ஓட்டுவோம் என்று இருக்கிறது. அடுத்ததாக, அந்த ஃபைல் இருந்தால் எஸ்எஸ்எச்டி எக்ஸ்ஆத்தைத் தானாகக் கூப்பிடாது, குக்கீயை அந்த ஃபைலின் ஸ்டாண்டர்டு இன்புட்டில் கொடுத்துவிடும், எக்ஸ்ஆத்தைக் கூப்பிடுவது அந்த ஃபைலின் பொறுப்பு என்றும் இருக்கிறது. போய்ப் பார்த்தால் அந்த ஃபைல் இருந்தது. உள்ளே கிராஃபிக்ஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சில வரிகள். லாகின் அறுந்தாலும் ஷெல்களை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் செஷனுக்குத் திரும்ப வரும்போது, நம் கீக்களை வைத்திருக்கும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் தொலைந்துபோகாமல் இருக்க, ஏஜென்ட் சாக்கெட்டுக்கு ஒரு நிரந்தர இடத்தில் லிங்க் போடும் ஸ்கிரிப்ட். நல்ல ஸ்கிரிப்ட்தான், எழுதியவர் விவரமானவர், அவர் டெர்மினலைத் தாண்டி எதையும் திறக்காத ஆள் போலிருக்கிறது. எஸ்எஸ்எச்டி ஒழுங்காகக் குக்கீயை நீட்டியிருக்கிறது, இந்த ஸ்கிரிப்ட் கையை நீட்டவே இல்லை.

மேன் பேஜிலேயே அதற்கான வரிகள் கொடுத்திருக்கிறார்கள். இன்புட்டிலிருந்து புரோட்டோகால் பெயரையும் குக்கீயையும் படித்து, டிஸ்ப்ளே லோக்கல்ஹோஸ்ட் என்று ஆரம்பித்தால் யுனிக்ஸ் என்று மாற்றி, எக்ஸ்ஆத்திடம் கொடுக்கும் ஒரு சின்ன இஃப். அதை அப்படியே ஆர்சி ஃபைலின் தலையில் ஒட்டினோம், புதிதாக லாகின் ஆனோம், எக்ஸ்க்ளாக் வந்து நின்றது. இந்தக் கோளாறுக்கு எரர் மெசேஜைக் காப்பி செய்து தேடியிருந்தால் பெரிய ஒய், எக்ஸ்ஹோஸ்ட், எக்ஸ்போர்ட் டிஸ்ப்ளே என்றுதான் வந்துகொண்டே இருந்திருக்கும். டிஸ்ப்ளேயை முதலிலேயே கையால் கலைத்திருந்தால், 10ஆம் எண் சரியாகத்தான் வந்திருக்கிறது, குக்கீ மட்டும்தான் வரவில்லை என்று பிரித்துப் பார்க்கவே வழி இருந்திருக்காது.

அதிலிருந்து எனக்கு வந்த பழக்கம், எரரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அதை யார் சொல்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்பது. நான்கு பேர் இருக்கிறார்கள், ரிமோட் புரோகிராம், எஸ்எஸ்எச்டி, எஸ்எஸ்எச், எக்ஸ் சர்வர். புரோகிராம்தான் சத்தமாகப் பேசும், ஆனால் நான்கு பேரில் மிகக் குறைவாகத் தெரிந்தது அதற்குத்தான். எஸ்எஸ்எச்டி நம்மிடம் பேசாது, லாகில்தான் எழுதும்.

வேறு பயனராக மாறிக்கொண்டவர்கள்

இதே குக்கீ விஷயம்தான் சுடோ, எஸ்யு போட்டவர்களையும் மாட்டிவிடுகிறது. லாகின் ஆனது ஒரு பெயரில், புரோகிராமை ஓட்டுவது இன்னொரு பெயரில். டிஸ்ப்ளே கூடவே வந்துவிடும், குக்கீ முதல் ஆளின் ஹோம் டைரக்டரியிலேயே தங்கிவிடும். முதல் ஆளாக எக்ஸ்ஆத் லிஸ்ட் கொடுத்து அந்த ஒரு வரியை எடுத்து, இரண்டாவது ஆளாக மாறி எக்ஸ்ஆத் ஆட் என்று கொடுத்தால் முடிந்தது. ஃபைலை எல்லோரும் படிக்கும்படி சிஎச்மாட் 644 போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அது குக்கீயைத் தெருவில் ஒட்டிவைப்பது.

ஸ்னாப் என்ற பேக்கேஜ் வடிவில் வரும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதேபோல் ராங் ஆதென்டிகேஷன் வரும். அதற்கு எக்ஸ்அதாரிட்டி வேரியபிளை ஹோம் டைரக்டரியில் இருக்கும் ஃபைலுக்கு வெளிப்படையாகக் காட்டிவிட்டால் போதும். ஃபயர்ஃபாக்ஸ் என்றதும் ஒரு பழைய விளையாட்டு ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் ரிமோட்டில் ஃபயர்ஃபாக்ஸ் என்று தட்டினால் நம் லேப்டாப்பின் ஃபயர்ஃபாக்ஸில் புது விண்டோ திறக்கும். இந்தத் திரையில் ஏற்கனவே ஒரு ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறதா என்று எக்ஸ் சர்வரிடமே அது விசாரிக்கும், இருக்கிறது என்றால் வேலையை அதனிடம் கொடுத்துவிட்டுத் தான் கிளம்பிவிடும். ரிமோட்டில் மட்டும் திறக்கும் இன்ட்ரானெட் பக்கம் திறக்கவில்லையே என்று நெட்வொர்க் டீமை எழுப்பியவர்கள் உண்டு. நோ ரிமோட் என்று ஒரு ஆப்ஷன் சேர்க்க வேண்டும்.

கையால் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் டிமக்ஸ். நேற்று லாகின் ஆனபோது 10, இன்று 12 கிடைத்திருக்கிறது, ஆனால் டிமக்ஸுக்குள் நேற்றிலிருந்து திறந்து கிடக்கும் ஷெல் இன்னும் 10 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. திரும்ப அட்டாச் ஆகும்போது டிமக்ஸ் புது மதிப்பை வாங்கிக்கொள்ளும், அது புதிதாகத் திறக்கும் விண்டோக்களுக்குத்தான் போய்ச்சேரும், பழைய ஷெல்லுக்கு வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அங்கே டிமக்ஸின் ஷோ என்விரான்மென்ட்டில் பார்த்து அந்த மதிப்பை எக்ஸ்போர்ட் செய்வது நியாயம். எஸ்எஸ்எச்டி கொடுத்ததைத்தான் எடுத்து எழுதுகிறோம், நாமாக ஒன்றைக் கற்பனை செய்யவில்லை.

பெரிய ஒய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய எக்ஸ் என்றால் ரிமோட் புரோகிராமை முழுதாக நம்பாமல், மற்ற விண்டோக்களைத் தொட முடியாதபடி எக்ஸ் சர்வரின் செக்யூரிட்டி எக்ஸ்டென்ஷன் கட்டுப்பாட்டுக்குள் வைப்பது. பெரிய ஒய் என்றால் முழு நம்பிக்கை, அந்த சர்வரில் ரூட் வைத்திருப்பவர் நினைத்தால் நம் கீபோர்டைப் படிக்கலாம் என்ற அளவுக்கு. டெபியன் வகைகளில் இரண்டுமே ஒன்றுதான், அவர்கள் டிஃபால்ட்டாகவே நம்பிக்கையை யெஸ் என்று வைத்திருக்கிறார்கள், அங்கே எக்ஸை ஒய்யாக மாற்றிச் சரியானது என்று யாராவது சொன்னால் சரியானது வேறெதனாலோ. மற்ற இடங்களில் பெரிய எக்ஸுக்கு ஒரு குணம் உண்டு. 20 நிமிடம் கழிந்ததும் அந்தக் குக்கீயின் ஆயுள் முடிந்துவிடும். திறந்த விண்டோக்கள் பாட்டுக்கு ஓடும், புதிதாக எதையும் திறக்க முடியாது. "நல்லாத்தான் ஓடிட்டிருந்தது, டீ குடிச்சிட்டு வந்தா வேலை செய்யல" என்று யாராவது சொன்னால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்கும் முன் ஃபார்வர்டுஎக்ஸ்11டைம்அவுட் என்ற வார்த்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

திறக்கிறது, ஆனால் நகரவில்லை

எல்லாம் சரியாகி விண்டோவும் வந்தபின் அடுத்த புகார், மெனுவைத் தட்டினால் விரிய யுகம் ஆகிறது. இதில் சரிசெய்யக் கோளாறு என்று பெரும்பாலும் ஒன்றும் இல்லை. எக்ஸ்11 பிறந்த காலத்தில் புரோகிராம்கள் "இங்கே ஒரு கோடு, இங்கே ஒரு எழுத்து" என்று கட்டளைகளாக அனுப்பின, எக்ஸ்டெர்ம் இன்றைக்கும் அப்படித்தான் அனுப்புகிறது, அதனால் சிட்டாகப் பறக்கும். ஜிடிகே, க்யூட்டி என்ற டூல்கிட்களில் எழுதிய புரோகிராம்கள் இப்போது பெரும்பாலும் தாங்களே எல்லாவற்றையும் வரைந்துவிட்டு பிக்சல்களாகத் தள்ளுகின்றன. அதைவிட மோசம், கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. ஒரு போய்வரும் நேரம் 100 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், திறக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக 200 கேள்வி கேட்கும் புரோகிராம் வெறும் காத்திருப்பிலேயே 20 செகண்ட் போக்கிவிடும். பெரிய சி போட்டு கம்ப்ரெஷன் வைத்தால் போகும் டேட்டா குறையும், தூரம் குறையாது. லைன் மெல்லியதாக இருந்தால் கம்ப்ரெஷன் உதவும், தூரமாக இருந்தால் உதவாது.

முப்பரிமாணப் படங்கள் விஷயத்தில் நேரடியாகவே கதவு மூடியிருக்கும். ஓபன்ஜிஎல் கட்டளைகளை நெட்வொர்க் வழியாக எக்ஸ் சர்வருக்கு அனுப்பும் வழியை எக்ஸ்.ஆர்க் சர்வர் 1.17 பதிப்பிலிருந்து டிஃபால்ட்டாக அணைத்துவிட்டார்கள். அதை மெனக்கெட்டுத் திறந்தாலும் கிடைப்பது மிகப் பழைய ஓபன்ஜிஎல். ரிமோட்டின் கிராஃபிக்ஸ் கார்டிலேயே வரைந்து படமாக அனுப்பும் விர்ச்சுவல்ஜிஎல் பக்கம் போவதுதான் சரி. நாள் முழுக்கத் திறந்து வைக்கும் விண்டோ என்றால் நான் எக்ஸ்ப்ராவைத்தான் சொல்வேன், லைன் அறுந்தாலும் புரோகிராம் சாகாது, திரும்ப வந்து அட்டாச் ஆகிக்கொள்ளலாம். நேரடி எக்ஸ் ஃபார்வர்டிங்கில் லைன் போனால் விண்டோவோடு சேர்த்து சேமிக்காத வேலையும் போய்விடும். பிரவுசரை ஃபார்வர்ட் செய்கிறவர்களிடம் ஏன் என்று கேட்டால், பாதிப்பேர் ரிமோட்டில் ஓடும் ஒரு வெப் பக்கத்தைப் பார்க்கத்தான் என்பார்கள். அதற்குப் பெரிய எக்ஸ், பெரிய ஒய் எதுவும் வேண்டாம், பெரிய எல் போட்டு அந்த ஒரு போர்ட்டை மட்டும் இங்கே கொண்டுவந்து நம் பிரவுசரிலேயே பார்க்கலாம். மேட்பிளாட்லிப் கிராஃப் ஒன்றைப் பார்க்க இவ்வளவும் தேவையா, பிஎன்ஜியாக சேவ் செய்து இறக்கிக்கொள்ளுங்களேன்.

எக்ஸுக்குப் பதிலாக வேலண்ட் வந்துவிட்டதால் இதெல்லாம் முடிந்த கதை என்று சிலர் சொல்கிறார்கள். வேலண்ட் டெஸ்க்டாப்பிலும் எக்ஸ்வேலண்ட் என்று ஒரு எக்ஸ் சர்வர் உள்ளே ஓடுகிறது, அதனால் பெரிய எக்ஸ் இன்னும் வேலை செய்கிறது. ரிமோட்டில் அதே 10, அதே 6010, அதே குக்கீ. வேலண்டுக்கென்றே வேப்பைப் என்று ஒன்று இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது இரண்டு பக்கமும் இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும். எக்ஸ்ஆத் போடுவதற்கே அட்மினிடம் டிக்கெட் போட்டுக் காத்திருக்கும் சர்வர்களில் அதை எப்போது போடுவார்கள் என்று தெரியவில்லை. இப்போதைக்கு யாராவது விண்டோ திறக்கவில்லை என்று மெசேஜ் அனுப்பினால், புதிதாக லாகின் ஆகி எதையும் தொடாமல் எக்கோ டிஸ்ப்ளே, எக்ஸ்ஆத் லிஸ்ட், எல்எஸ் போட்ட .எக்ஸ்அதாரிட்டி தேதி, இந்த மூன்றையும் அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். குக்கீயின் 32 எழுத்தை மறைத்துவிட்டு.